எதிர்ப்புப் பாடலைக் கண்ணாலும் காதாலும் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

2017 பொங்கல் சமயத்தில் ஒரு நண்பர் என் கைப்பேசிக்கு ஒரு பாடல் வீடியோவை அனுப்பினார். நடுராத்திரி. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், இயர்போனும் பக்கத்தில் இல்லை. சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டுப் பார்த்தேன். சபா மேடையில் மட்டுமே பார்த்துப் பழகிய கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, எண்ணூர்க் கழிமுகத்தில் பாடிக்கொண்டிருந்தார். பின்னால் புகைபோக்கிகள். என்ன பாடுகிறார் என்று தெரியாது, ஆனால் ஒரு கேள்வி மட்டும் தூங்கவிடவில்லை: இந்த மனிதர் ஏன் இங்கே வந்து பாடுகிறார்? மறுநாள் காலை சத்தத்தோடு கேட்டேன். பதில் வரிகளில் இருந்தது.

அன்றிலிருந்து இந்த மாதிரிப் பாடல்களை நான் ஒரேயடியாகப் பார்ப்பதில்லை. படத்தைத் தனியாக, பாட்டைத் தனியாக, அப்புறம் இரண்டையும் சேர்த்து என்று பிரித்துப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. நண்பர்களோடும் மாணவர்களோடும் உட்கார்ந்து பார்க்கும்போதும் இதே முறைதான். அதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். தேடவேண்டியது ஒன்றுதான்: படமும் வரியும் எங்கே முட்டிக்கொள்கின்றன? எதிர்ப்புப் பாடலின் வலு பெரும்பாலும் அந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது.

தேவையானவை ஒரு நோட்டு, பேனா, இயர்போன், ஒரு முழு மாலைப் பொழுது. நாலு நிமிடப் பாட்டுக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கைப்பேசித் திரை போதாது. முக்கியமான விஷயங்கள் பல நேரம் பின்னணியில், ஓரத்தில் நடக்கும். லேப்டாப்போ டிவியோ வேண்டும்.

படி 1: முதல்முறை சும்மா பாருங்கள்

எதையும் ஆராயாமல், நிறுத்தாமல் ஒருமுறை பாருங்கள். முடிந்ததும் திரையை மூடிவிட்டு, மனதில் தங்கிய மூன்று காட்சிகளை மட்டும் எழுதிவையுங்கள். வரிகள் வேண்டாம், காட்சிகள் மட்டும். இதை முதலிலேயே செய்துவிட வேண்டும். விமர்சனங்களைப் படித்த பிறகு அடுத்தவர் சொன்னது எது, நாம் பார்த்தது எது என்று பிரிக்கவே முடியாது.

படி 2: ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்

இந்தப் படிக்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்வது 2018 மே மாதம் வெளியான 'திஸ் இஸ் அமெரிக்கா'. சைல்டிஷ் கேம்பினோ என்ற பெயரில் பாடும் டொனால்ட் குளோவரின் பாடல், இயக்கியவர் ஹிரோ முராய். பெரிய கிடங்கு போன்ற ஓர் இடம். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து கிட்டார் வாசிக்கிறார். சட்டையில்லாத குளோவர் ஆடிக்கொண்டே நெருங்குகிறார். அதற்குள் கிட்டார்காரரின் தலை துணியால் மூடப்பட்டிருக்கிறது. குளோவர் இடுப்பை ஒடித்து ஒரு விசித்திரமான நிலையில் நின்று அவரைப் பின்னாலிருந்து சுடுகிறார்.

இங்கே நிறுத்துங்கள். சுட்ட கணத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு பையன் சிவப்புத் துணியை விரித்துத் துப்பாக்கியை ஏந்தி வாங்கிக்கொள்கிறான், பூஜைப் பொருளை வாங்குவதைப் போல. சுடப்பட்டவரின் உடலையோ தரையில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஆயுதத்துக்குப் பட்டுத்துணி, மனிதனுக்குத் தரை. ஒரு நாட்டின் துப்பாக்கி அரசியலைப் பற்றி பக்கம் பக்கமாக எழுதுவதை அந்தத் துணி சில நொடிகளில் சொல்லிவிடுகிறது. பாட்டு வரிகளில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஒலியோடு பார்க்கும்போது தாளம் நம்மை அடுத்த காட்சிக்கு இழுத்துப் போய்விடுவதால், துணியைப் பலர் கவனிப்பதே இல்லை.

அவர் நின்ற அந்த நிலையைப் பலரும் 'ஜிம் க்ரோ' படங்களோடு ஒப்பிட்டார்கள். வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்த 19ஆம் நூற்றாண்டு மேடைப் பாத்திரம் அது. பின்னாளில் அமெரிக்காவின் நிறப் பாகுபாட்டுச் சட்டங்களுக்கே அந்தப் பெயர் வந்தது. ஒரு பாத்திரத்தின் உடல்வளைவைக் கடன் வாங்கியே அந்த வரலாறு முழுவதையும் திரைக்குள் கொண்டுவந்துவிட முடிகிறது.

இப்போது மீண்டும் ஒருமுறை, பின்னணியை மட்டும் பாருங்கள். முன்னால் குளோவரும் பள்ளிச் சீருடைப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே ஆடுகிறார்கள். பின்னால் மக்கள் ஓடுகிறார்கள், கார்கள் நிற்கின்றன, ஒரு வெள்ளைக் குதிரையில் யாரோ போகிறார்கள். முதல்முறை பார்த்தபோது இதில் பாதி என் கண்ணில் படவில்லை. ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேடிக்கையைக் காட்டி வன்முறையிலிருந்து நம் கண்ணைத் திருப்புவது எப்படி நடக்கிறது என்பதை இந்த வீடியோ நம் மேலேயே நடத்திக் காட்டுகிறது.

நோட்டில் எழுதவேண்டியவை: முன்னால் யார், பின்னால் யார்? யார் நிற்கிறார்கள், யார் உட்கார்கிறார்கள், யார் ஓடுகிறார்கள்? கேமராவை நேராகப் பார்ப்பவர் யார்? எந்தப் பொருள் இரண்டாவது முறை வருகிறது? இந்த வீடியோவில் அந்தச் சிவப்புத் துணி இரண்டாவது முறையும் வருகிறது, ஒரு தேவாலயப் பாடகர் குழுவையே சுட்டுத் தள்ளியபின். 2015 ஜூனில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் 9 கறுப்பின மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை அங்கே யாரும் விளக்க வேண்டியதில்லை.

படி 3: கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், வரிகளைக் கையால் எழுதுங்கள்

இணையத்தில் இருக்கும் வரிகளை ஒட்டிக்கொள்ளாதீர்கள். காதால் கேட்டுக் கையால் எழுதினால்தான் எந்தச் சொல் நீட்டப்படுகிறது, எது விழுங்கப்படுகிறது, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும்.

எழுதி முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். 'நான், நீ, நாம், நாங்கள், அவர்கள்' என்ற சொற்களுக்கும் அவற்றின் வேற்றுமை வடிவங்களுக்கும் அடிக்கோடு போடுங்கள். 'நாம்', 'நாங்கள்' என்று தமிழில் இரண்டு இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று அப்போது புரியும். 'நாங்கள்' என்று பாடினால் கேட்பவர் வெளியே நிற்கிறார், 'நாம்' என்றால் உள்ளே வந்துவிடுகிறார். எதிர்ப்புப் பாடலில் இது மிக முக்கியமான முடிவு.

நான் நள்ளிரவில் ஒலியில்லாமல் பார்த்த பாடலுக்கே வருவோம். அது 'சென்னை பொறம்போக்குப் பாடல்'. எழுதியவர் கபேர் வாசுகி, இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். எண்ணூர்க் கழிமுகத்தைக் காக்கும் பிரச்சாரத்துக்காக எடுக்கப்பட்டது. பொறம்போக்கு எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை. அது ஊருக்கு, அது பூமிக்கு என்பது பல்லவியின் பொருள். அடிக்கோடு போட்டால் எனக்கு, உனக்கு, ஊருக்கு, பூமிக்கு என்று நாலு 'கு' கிடைக்கும். சாதாரணமாக ஒரு பிரச்சாரப் பாடல் எனக்கு, உனக்கு என்பதிலிருந்து 'நமக்கு' என்று போய்ச் சேரும். இங்கே 'நமக்கு' இல்லை. மனிதர்களைத் தாண்டி ஊருக்கும் அங்கிருந்து பூமிக்கும் போய்விடுகிறது. பொது நிலம் என்றால் நம் எல்லோருக்கும் சொந்தம் என்றுதான் நினைத்திருந்தேன். யாருக்கும் சொந்தமில்லாமல் இருப்பதற்கும் நிலத்துக்கு ஓர் உரிமை உண்டு என்று அந்தப் பல்லவி எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

அப்புறம் அந்தத் தலைப்புச் சொல். புறம்போக்கு என்பது வருவாய்த்துறைச் சொல். வரி விதிப்புக்கு வெளியே வைக்கப்பட்ட பொது நிலம். மேய்க்கால் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு, நத்தம் புறம்போக்கு என்று கிராமக் கணக்கில் வகை வகையாக இருக்கும். மாடு மேய, தண்ணீர் ஓட, வண்டி போக, ஊர் குடியிருக்க என்று ஒதுக்கியவை. அந்தச் சொல்லைத்தான் நாம் தெருவில் ஒருவரைத் திட்டப் பயன்படுத்துகிறோம். பொதுவாக இருக்கும் நிலம் உதவாத நிலம் என்று ஆனபோது, அந்தச் சொல்லும் உதவாதவன் என்று ஆகிவிட்டது. வசவாகிப் போன சொல்லைப் பல்லவியில் வைத்துத் திரும்பத் திரும்ப மரியாதையோடு பாடும்போது பழைய பொருள் மெல்ல மேலே வருகிறது.

எனவே இந்தப் படியில் இன்னொரு கேள்வியும் வேண்டும்: வசைச் சொல்லோ அதிகாரிகளின் சொல்லோ இந்தப் பாட்டில் கைமாறியிருக்கிறதா?

படி 4: ஒரு பக்கத்தில் இரண்டு பத்திகள்

நோட்டின் நடுவில் ஒரு கோடு கிழியுங்கள். இடது பக்கம் வரி, வலது பக்கம் அந்த வரி பாடப்படும்போது திரையில் இருப்பது. பத்துப் பன்னிரண்டு வரிகள் போதும். ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்றில் ஒரு குறி போடுங்கள்: வரி சொன்னதையே படம் காட்டுகிறது, வரிக்கு எதிராகப் படம் நிற்கிறது, வரி சொல்லாமல் விட்டதைப் படம் சொல்கிறது.

முதல் வகை மட்டுமே நிரம்பியிருந்தால் அந்த வீடியோ பலவீனமானது என்பது என் அனுபவம். 'கண்ணீர்' என்று பாடும்போது கண்ணீர், 'விலங்கு' என்று பாடும்போது கைவிலங்கு. நல்ல எண்ணத்தோடு எடுக்கப்படும் எத்தனையோ விழிப்புணர்வுப் பாடல்கள் இப்படித்தான் தோற்றுப்போகின்றன. பார்ப்பவர் செய்வதற்கு அவற்றில் வேலையே இல்லை.

இரண்டாவது வகைக்கு 2015இல் வந்த அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் 'ஆல்ரைட்'. 'நமக்கு எல்லாம் சரியாகிவிடும்' என்பது பல்லவியின் சாரம். கறுப்பு வெள்ளைப் படம். லமார் நகரத்தின் மேல் மிதக்கிறார், விளக்குக் கம்பத்தின் உச்சியில் நிற்கிறார். கடைசியில் ஒரு போலீஸ்காரர் வெறும் விரல்களைத் துப்பாக்கி போல நீட்டிச் சுட, லமார் கம்பத்திலிருந்து விழுகிறார். நம்பிக்கை தரும் வரிக்கு எதிரில் விழும் உடல். அந்த வீழ்ச்சியைப் பார்த்துவிட்டுப் பல்லவியைத் திரும்பக் கேளுங்கள். நம்பிக்கை என்பது அந்த மக்களுக்கு எவ்வளவு விலை கொடுத்து வாங்கும் பொருள் என்று தெரியும். 2015 ஜூலையில் கிளீவ்லாந்தில் கறுப்பின இயக்கத்தினர் கூடிய மாநாட்டுக்குப் பின், போலீசாரை எதிர்கொண்ட கூட்டம் தெருவில் இந்தப் பல்லவியைத்தான் கோஷமாகப் பாடியது.

மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'திஸ் இஸ் அமெரிக்கா'வில் 'இது ஒரு செல்' என்ற பொருளில் ஒரு வரி வரும்போது, மேலே மாடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கீழே நடப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் 'செல்' கைப்பேசியும் ஆகும், சிறை அறையும் ஆகும். அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2018 மார்ச்சில், சாக்ரமென்டோ நகரில் தன் பாட்டி வீட்டுக் கொல்லையில் நின்ற ஒரு கறுப்பின இளைஞரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கி என்று அவர்கள் சொன்னது கைப்பேசிதான். பாடலைக் கேட்ட பலர் இரண்டையும் இணைத்துப் பார்த்தார்கள். ஒரு சொல், ஒரு காட்சி, ஒரு செய்தி மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

படி 5: படம் பிடித்த இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

எதிர்ப்புப் பாடலில் இடம் ஒரு பாத்திரம். வரைபடத்தில் தேடுங்கள். முடிந்தால் நேரில் போங்கள்.

எண்ணூர் என்பது கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரம். அலையாத்திச் செடிகள், உப்பளம், மீனவக் குப்பங்கள். கூடவே அனல்மின் நிலையங்கள், அவற்றின் சாம்பல் குளங்கள், சாம்பலைக் கொண்டுபோகும் குழாய்கள், துறைமுகம். குழாய்க் கசிவால் கழியில் சாம்பல் படிகிறது என்பது மீனவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் புகார். ஈரநிலத்தை நிரப்பிக் கட்டடம் கட்டுவது இன்னொன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தை அனுபவித்த ஊருக்கு, தண்ணீர் போகும் வழியை அடைத்தால் என்ன ஆகும் என்று பாடம் எடுக்கவேண்டியதில்லை. அந்த வெள்ளத்துக்குப் பின் ஓராண்டு சொச்சத்தில் வந்த பாட்டு இது. தேதியையும் இடத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பாட்டு யாரிடம் பேசுகிறது என்று விளங்கும்: மயிலாப்பூரில் கச்சேரி கேட்டுவிட்டு, வீட்டில் விளக்கைப் போட்டதும் எரிவதைப் பற்றி யோசிக்காத நம்மிடம்.

கேமரா எந்த இடத்துக்குப் போகிறது என்பதில் அரசுகளுக்கும் அக்கறை உண்டு. மைக்கேல் ஜாக்சனின் 'தே டோன்ட் கேர் அபவுட் அஸ்' பாடலை 1996இல் ஸ்பைக் லீ பிரேசிலில் எடுத்தார். ரியோ நகரத்துக் குடிசைப் பகுதியான சாந்தா மார்த்தாவில் படம் பிடிப்பதற்கு அங்கிருந்த அதிகாரிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், சுற்றுலாவுக்குக் கெட்ட பெயர் வருமே என்று. 'எங்களைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை' என்ற பாட்டுக்கு அதைவிட நல்ல விளக்கவுரை கிடைக்காது.

படி 6: மெட்டு யாருடையது என்று கேளுங்கள்

பொறம்போக்குப் பாடல் ஒரு ராகமாலிகை. மெட்டமைத்தவர் ஆர்.கே. ஸ்ரீராம்குமார். ஆனந்தபைரவி, பேகடா, தேவகாந்தாரி, சிந்துபைரவி என்று சபாவில் பக்தியோடு கேட்கும் ராகங்கள் வருகின்றன. வரிகளோ சென்னைத் தமிழ். 'ஆத்தோரம்', 'கட்டடம்' என்ற சொற்களுக்கு அந்த ராகங்களில் அதுவரை இடம் இருந்ததே இல்லை. இரண்டாவது மூன்றாவது முறை கேட்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது: ராகத்துக்கும் வட சென்னைப் பேச்சுக்கும் ஒவ்வாது என்று நினைத்தது என் காதின் பழக்கம். எந்த நிலம் உயர்ந்தது, எது பொறம்போக்கு என்று பிரிப்பதும் அதே பழக்கம்தான். இசையின் வடிவமே வாதத்தின் ஒரு பகுதியாகிவிட்டது.

பொறம்போக்குப் பாடலின் இயக்குநர் ரதீந்திரன் பிரசாத் 2015 ஜூலையில் எடுத்த 'கொடைக்கானல் வோன்ட்' வேறு வழியில் போனது. சோஃபியா அஷ்ரஃப் எழுதிப் பாடிய ஆங்கில ராப், உலகம் முழுக்கப் பிரபலமாக இருந்த நிக்கி மினாஜின் 'அனகோண்டா' இசையின் மேல் ஏற்றப்பட்டது. தெரிந்த மெட்டு என்பதால் காது உடனே திறக்கிறது. உள்ளே போனதும் பாதரசம், கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை விட்டுப்போன நச்சு. இலக்கு ஒரு பன்னாட்டு நிறுவனம், அதனால் மொழி ஆங்கிலம், மெட்டும் உலக மெட்டு. எண்ணூருக்கு ராகம், கொடைக்கானலுக்கு ராப் என்ற தேர்வு தற்செயல் இல்லை.

கானா, பறை, ஒப்பாரி, கும்மி, தேவாலயப் பாட்டு என எந்த வடிவம் வந்தாலும் அது யாருடைய உழைப்பிலும் துக்கத்திலும் பிறந்தது என்று ஒருவரி எழுதிவையுங்கள். 2018 ஜனவரியில் சென்னையில் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் முன்னின்று மேடையேற்றிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் கானாக் கலைஞர்கள் ஒரே மாதிரிக் கோட்டு சூட்டில் வந்து நின்றார்கள். சாவு வீட்டுத் தெருமுனையில் மட்டும் இடம் கொடுக்கப்பட்டிருந்த இசைக்கு அம்பேத்கரின் உடை. வாயைத் திறப்பதற்கு முன்பே பாட்டு தொடங்கிவிட்டது.

படி 7: சட்டகத்துக்குள் யார், வெளியே யார்

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யை எடுத்துக்கொள்வோம். ராப் பாடகர் அறிவு, பாடகி தீ, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் மூவரின் பாடல். கல்யாண வீட்டில் குழந்தைகள் ஆடும் அளவுக்குத் துள்ளலான மெட்டு. நடுவில் தாளம் தளர்ந்து ஒப்பாரியின் சாயல் வரும்:

'நான் அஞ்சு மரம் வளர்த்தேன்,
அழகான தோட்டம் வச்சேன்,
தோட்டம் செழித்தாலும் என் தொண்டை நனையலையே.'

மூன்று வரியில் ஒரு நூற்றாண்டு. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. தோட்டத்தை உருவாக்கியவர்களின் கையில் கடைசியில் ஒரு செடிகூட இல்லை. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர். வரியில் அவர் பெயர் வருகிறது, திரையில் அவரே வருகிறார்.

'சாமி' என்ற சொல்லையும் கவனியுங்கள். பண்ணையாரைப் பார்த்துக் கூலிக்காரர் சொன்ன சொல்லும் அதுதான், பாட்டி பேரனைக் கொஞ்சும் சொல்லும் அதுதான். 'என் சாமி' என்று யார் யாரிடம் சொல்கிறார் என்பது பாட்டுக்குள் மாறிக்கொண்டே இருக்கிறது.

இந்தப் பாடலின் கதை திரைக்கு வெளியேயும் தொடர்ந்தது. 2021 ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு இந்தப் பாடலைப் பற்றிப் பேசிய அட்டையில் தீயின் படத்தோடு வேறொரு கலைஞரின் படம் இருந்தது, வரிகளை எழுதிப் பாடிய அறிவு இல்லை. பா. இரஞ்சித் உள்படப் பலர் கேள்வி எழுப்பினார்கள். 2022 ஜூலையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாடல் மேடையேறியது. அதன்பின் யாருடைய பங்கு எது என்று மூவருமே பொதுவில் விளக்கம் எழுதவேண்டி வந்தது. உழைத்தவருக்குத் தோட்டம் இல்லை என்று பாடியவரின் பாட்டிலேயே அவருக்கு இடம் எங்கே என்ற கேள்வி வந்தது எனக்கு இன்றும் வலிக்கிறது. வீடியோவின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலையும் அட்டைப் படங்களையும் மேடைகளையும் சேர்த்துப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

பாதிக்கப்பட்டவர்கள் படத்தில் இருந்தால் மட்டும் போதாது. அவர்களுக்கு முகம் இருக்கிறதா என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து அகதியாக லண்டன் திரும்பிய மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2015இல் வெளியிட்ட 'பார்டர்ஸ்' வீடியோவில், முள்வேலி மேல் ஏறிய மனிதர்கள் தங்கள் உடல்களாலேயே ஆங்கிலத்தில் 'வாழ்வு' என்ற சொல்லை எழுதுவார்கள். மறக்க முடியாத படம். ஆனால் அவர்களில் ஒருவரின் முகம்கூட நமக்கு நினைவில் நிற்காது. நடுவில் பாடகிதான் நிற்கிறார். அகதிகளைக் கும்பலாகவே பார்க்கும் உலகத்தைக் காட்டத்தான் அப்படி எடுத்தாரா, அல்லது அவர்கள் அலங்காரமாகிவிட்டார்களா? நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். என்னோடு பார்த்தவர்களில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை.

படி 8: பாட்டு என்ன கேட்கிறது, என்ன கிடைத்தது

கடைசியில் ஒரு வரியில் எழுதுங்கள்: இந்தப் பாட்டு யாரிடம், என்ன கேட்கிறது? சில பாடல்கள் எதையும் கேட்பதில்லை, துக்கப்படுகின்றன. அதுவும் எதிர்ப்புதான். ஆனால் எந்த வகை என்று தெரிந்துகொண்டு மதிப்பிட வேண்டும்.

'கொடைக்கானல் வோன்ட்' நேரடியாகக் கேட்டது. கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஒரு பழைய சாமான் கடையில் கண்டுபிடிக்கப்பட்டு, 2001இல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் உடல்நலப் பாதிப்புக்கு இழப்பீடு கேட்டார்கள், சுற்றுப்புறத்தைச் சுத்தம் செய்யவும் கேட்டார்கள். யூனிலீவர் நிறுவனத்தின் பெயரைச் சொல்லியே அந்தப் பாட்டு இரண்டையும் கேட்டது. வெளியான சில நாட்களில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள், நிறுவனத்தின் தலைமை அதிகாரியே பதில் சொல்லவேண்டி வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு கையெழுத்தானது.

பாட்டுதான் வென்றது என்று இதைச் சொல்லக் கூடாது. தொழிலாளர்கள் 2006இலேயே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்கள். ஆலை மூடியதிலிருந்து கணக்கிட்டால் பதினைந்து ஆண்டுப் போராட்டம். அந்தப் போராட்டம் தயாராக நின்ற நேரத்தில் பாட்டு கதவைத் தட்டியது. மண்ணைச் சுத்தம் செய்யும் கோரிக்கை மட்டும் பாக்கி நின்றதால், 2018இல் ரதீந்திரன் பிரசாத்தே சோஃபியா அஷ்ரஃப், டி.எம். கிருஷ்ணா, அம்ரித் ராவ் மூவரையும் வைத்து இரண்டாவது பாட்டு எடுத்தார். மண்ணைச் சுத்தம் செய்வதற்குப் பிரிட்டனில் ஓர் அளவுகோல், கொடைக்கானலில் ஓர் அளவுகோலா என்பது அதன் கேள்வி.

படி 9: நீங்களே எடுப்பதாக இருந்தால்

சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் கோரிக்கையை ஒரு வரியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அப்புறம் படி 4இல் போட்ட இரண்டு பத்தியைக் காலியாகப் போட்டு நிரப்புங்கள். ஒரே விஷயம் இரண்டு பக்கமும் வந்தால் ஒன்றை அடித்துவிடுங்கள். அந்த ஊர்க்காரர்கள் வேலை போகுமோ, மிரட்டல் வருமோ என்று பயந்தால் முகத்தைக் காட்டாதீர்கள். கை, கால், கூடை, வலை போதும். ட்ரோனை அளவாகப் பயன்படுத்துங்கள். மேலிருந்து பார்த்தால் சாம்பல் படிந்த கழிகூட அழகாகத் தெரியும், அது ஆபத்து. அந்த இடத்தின் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து பாட்டுக்கு நடுவில் இரண்டு நொடியாவது விடுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் துணையெழுத்து போடுங்கள். வெளியிடும் முன் முதல் காட்சி அந்த ஊரில்தான் நடக்க வேண்டும்.

அந்தக் கடைசி விஷயம் வெறுமனே பார்ப்பவர்களுக்கும் பொருந்தும். எல்லாப் படிகளையும் முடித்தபின், அந்த இடத்தோடு வாழ்கிற ஒருவருக்குப் போட்டுக்காட்டி, பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். பொறம்போக்குப் பாடலை நான் அப்படி ஒருமுறை வட சென்னையில் வளர்ந்த ஓர் அக்காவோடு பார்த்தேன். ராகத்தையும் சொல்லையும் பற்றி எவ்வளவோ பேசத் தயாராக இருந்தேன். அவர் பாட்டைப் பாதியிலேயே நிறுத்தி, திரையில் புகைபோக்கி இருந்த மூலையில் விரலை வைத்தார். "இந்தப் பக்கமிருந்து காத்து வந்தா மொட்டை மாடியில துணி காயப் போட மாட்டோம் தம்பி" என்றார். நோட்டில் இரண்டு பத்திக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கோடு கிழித்து, அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.